ஜப்பாவின் கணக்குப்பிள்ளை

“பேரன் டாக்டர் ஆஃப்ரா என்று ஒருத்தியைப் பற்றி ஓயாமல் பேசுகிறான். டார்த் வேடரிடம் வேலை பார்த்தவளாம். ஸ்டார் வார்ஸ் படம் ஒன்பதையும் அவனோடு உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அப்படி ஒரு பெண்ணே இல்லை. பையன் புளுகுகிறானா?” என்று ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார்.

புளுகவில்லை அம்மா. ஆஃப்ரா 2015-ல் காமிக்ஸில் பிறந்தவள். எழுதியவர் கீரன் கில்லன், வரைந்தவர் சால்வடார் லரோக்கா. பழைய ஆயுதங்களைத் தேடி உயிர்ப்பிக்கும் தொல்பொருள்காரி. முதல் படத்துக்கும் இரண்டாவதற்கும் நடுவே படம் சொல்லாமல் தாண்டிப்போன காலத்தில் அவள் கதை தொடங்குகிறது. இப்படி இடைவெளிகளில் முளைத்த கதைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எனக்கு மிகப் பிடித்தது முதல் காமிக்ஸ் தொடரில் நேர்ந்த ஒரு விநோதம்.

சிறுவயதில் டூரிங் டாக்கீஸ் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கதைச் சுருக்கம் முக்கால்வாசி ஓடி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று நின்றுவிடும். அண்ணன் வாங்கி வரும் புத்தகத்தை வைத்துக்கொண்டு மீதியை நானே கட்டிக்கொள்வேன். வில்லனுக்கு நான் கொடுத்த முகம் ஒன்றாக இருக்கும், திரையில் வருகிறவர் வேறாக இருப்பார். ஆனாலும் என் வில்லன் மனதை விட்டுப் போகமாட்டார்.

1977-ல் மார்வெல் நிறுவனத்தின் ராய் தாமஸும் ஓவியர் ஹோவர்ட் சேக்கினும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தார்கள். முதல் ஸ்டார் வார்ஸ் படம் வெளியானது மே 25. காமிக்ஸின் முதல் இதழ் ஏப்ரலிலேயே கடைக்கு வந்துவிட்டது. முடிந்த படத்தைப் பார்த்து வரைய வழியில்லை. கையில் இருந்தவை திரைக்கதையும் சில புகைப்படங்களும்தான். அதனால், எடிட்டிங் மேசையில் வெட்டுப்பட்ட காட்சிகள் காமிக்ஸில் தப்பித்துக்கொண்டன. பாலைவன ஊரில் நாயகன் லூக்கும் அவன் நண்பன் பிக்ஸும் பேசிக்கொள்வது அப்படி ஒன்று. ஹான் சோலோவிடம் கடன்காரன் ஜப்பா வந்து மிரட்டுவது இன்னொன்று. இரண்டாவதைப் படத்துக்காக டெக்லன் முல்ஹாலண்ட் என்ற நடிகரை வைத்து எடுத்துவிட்டுத் தூக்கிவிட்டார்கள். ஜப்பா எப்படி இருப்பான் என்று அப்போது யாரும் முடிவு செய்திருக்கவில்லை. சேக்கினோ கட்டத்தில் ஓர் உருவத்தை வரைந்தே ஆகவேண்டும். மஞ்சள் தோல், வால்ரஸ் போன்ற முகம், இரண்டு காலில் நடக்கும் ஒடிசலான உடம்பு என்று வரைந்துவிட்டார்.

1983-ல் மூன்றாவது படம் வந்தபோது ஜப்பா காலே இல்லாத, மலை போன்ற பெரிய நத்தையாக மேடையில் கிடந்தான். அப்படியானால் காமிக்ஸில் நடந்து வந்தவன் யார்? பின்னால் வந்த எழுத்தாளர்கள் அவனை அழித்துவிடவில்லை. அவன் ஜப்பாவின் கணக்குப்பிள்ளை, பெயர் மோசெப், முதலாளியின் பெயரைச் சொல்லிக் கடன் வசூலிக்க வந்தவன் என்று ஒரு வாழ்க்கையைக் கொடுத்தார்கள். ஓவியர் ஒருவர் அவசரத்தில் போட்ட கோட்டுக்கு எவ்வளவு மரியாதை! நினைக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

அந்த மரியாதை எல்லாரிடமும் இல்லை என்பதுதான் என் மனக்குறை. படத்தின் எச்சில் என்று இந்தக் காமிக்ஸ் கதைகளைத் தள்ளுகிறவர்கள் உண்டு. மார்வெலின் அந்தத் தொடர் 1986 வரை 107 இதழ்கள் ஓடியது. பண நெருக்கடியில் இருந்த நிறுவனத்தைக் காப்பாற்றியதே அதுதான் என்று அதன் ஆசிரியராக இருந்த ஜிம் ஷூட்டர் சொல்லியிருக்கிறார். ஆனால் 2014-ல், அதுவரை வந்த காமிக்ஸும் நாவல்களும் இனி அதிகாரபூர்வக் கதையில் சேராது என்று லூகாஸ்ஃபிலிம் அறிவித்தது. மோசெப்பும் அதோடு வெளியே போனான். இத்தனை பேர் இத்தனை ஆண்டு உழைத்ததை ஒரே அறிவிப்பில் ஓரங்கட்டியிருக்க வேண்டாம். படைத்தவர்களுக்கும் வலித்திருக்கும், படித்து வளர்ந்தவர்களுக்கும் வலித்தது.

இத்தனைக்கும் ஜார்ஜ் லூகாஸே காமிக்ஸிலிருந்து ஆள் எடுத்தவர். ஓர் அட்டைப்படத்தில் இருந்த நீலநிறப் பெண் அவருக்குப் பிடித்துப்போனாள். பெயர் ஆய்லா செக்யூரா. 2002-ல் வந்த படத்தில் அவளை நடமாட விட்டார். பேரனோடு அந்தப் படத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள் அம்மா. மணல் நிற அரங்கத்தில் சண்டை நடக்கும்போது நீலமாக ஒருத்தி வாளோடு ஓடுவாள். காகிதத்தில் அவளை உருவாக்கியவர்கள் ஜான் ஆஸ்ட்ராண்டர் என்ற எழுத்தாளரும் ஜேன் டூர்செமா என்ற பெண் ஓவியரும். பையனுக்கு அந்தப் பெயர்கள் தெரிகிறதா என்று கேட்டு எழுதுங்கள்.