ஓவியத்தைப் படியெடுத்தல்

பிறர் தீட்டிய ஓவியத்தைப் பார்த்து எழுதுதல் இழிவு எனக் கருதுவோர் உளர். அதனைத் தன் படைப்பென்று காட்டுவோனுக்கே அவ்விழிவு உரியது. பயிலும் மாணவனுக்கு அன்று. சிறந்த ஓவியர் ஒருவர் தம் ஓவியத்தையே மீண்டும் எழுதிப் பார்த்ததுண்டு.

ஹாலந்து நாட்டிற் பிறந்த வின்சென்ட் வான்கோ, 1889ஆம் ஆண்டு மே மாதம் முதல் தென்பிரான்சிலுள்ள சென் ரெமி என்னும் ஊரில், மனநோய் மருத்துவமனையில் தங்கியிருந்தார். விளைந்த கோதுமை வயல், அதன் ஓரத்தே தீக்கொழுந்துபோல் ஓங்கிய சைப்பிரசு மரங்கள், பின்னே நீலமலை, மேலே சுருண்டோடும் மேகங்கள் ஆகியவற்றை அக்கோடையில் ஓவியமாக்கினார். வெட்டவெளியில் நின்று எழுதிய அப்படத்தில் வண்ணம் தடிப்பாக அப்பப்பட்டுள்ளது. செப்டம்பரில் அறையிலிருந்து அதனையே மீண்டும் எழுதினார். இதில் வண்ணம் மெல்லியது, கீற்றுகள் ஒழுங்குபட்டவை. முன்னது நியூயார்க்கிலும் பின்னது இலண்டனிலும் உள்ளன. தாய்க்கும் தங்கைக்குமாகச் சிறிய படி ஒன்றையும் எழுதினார்.

இவ்வோவியத்தைப் படியெடுக்கப் புகும் மாணவன் மரத்திற்குப் பச்சை, வயலுக்கு மஞ்சள் என முழுவதும் ஒரே நிறமாகப் பூசிவிடுவான். மரம் காகிதத்தில் வெட்டி ஒட்டியதுபோல் நிற்கும். வான்கோவின் மரத்திலோ, கரும்பச்சையின்மேல் இளம்பச்சையும் மஞ்சளும் கலந்த கீற்றுகள் வளைந்து வளைந்து ஏறுகின்றன. அவற்றின் இடையே கீழ்நிறம் தெரிவதால்தான் இலைத்திரளுக்கு ஆழம் உண்டாகிறது.

எண்ணெய் வண்ணமாயின், டர்ப்பன்டைன் கலந்து மெல்லிய படலத்தை முதலில் இடவேண்டும். எண்ணெய் மிகுந்த தடித்த வண்ணம் பின்னரே வரவேண்டும். இம்முறை மாறினால், விரைவில் உலர்ந்து இறுகிய மேற்படலம், மெல்ல உலரும் கீழ்ப்படலம் அசையும்போது வெடித்துவிடும். ஈரம் உலராத நீலத்தின்மேல் மஞ்சளை ஒருமுறை இழுத்தால் அழகிய பச்சை தோன்றும். பல நிறங்களைச் சேர்த்துத் தேய்த்துக்கொண்டேயிருந்தால் எஞ்சுவது சேற்றுநிறமே. இட்டவுடன் தூரிகையை எடுத்துவிடும் துணிவு எளிதில் வாராது. கை தானாகவே மீண்டும் தேய்க்கப் போகும்! எண்ணெய் வண்ணம் விலை மிகுந்ததாதலின், போஸ்டர் வண்ணத்தாலும் பழகலாம். ஒவ்வொரு படலமும் உலரும்வரை பொறுத்தல் வேண்டும்.

கதிர்களுக்கு, அவை சாயும் திசையிற் குறுங்கீற்றுகள் வேண்டும். மேகத்திற்குச் சுருளும் கீற்றுகள் வேண்டும். தடித்த வண்ணத்தின் மேடுகளில் ஒளி படும்; பள்ளங்களில் நிழல் தங்கும். அச்சுப் படத்தில் இவை நன்கு விளங்கா. தானே எழுதிப் பார்ப்பவன் கைக்கே புலப்படும்.

படி முடிந்தபின், அதன் பின்புறத்தில் மூல ஓவியர் பெயரையும் படியெடுத்தவன் பெயரையும் எழுதிவைத்தல் முறை.