மதமதப்புக்கு மருந்து வாங்கும் முன்

காலில் எரிச்சல், விரல் நுனியில் மதமதப்பு, ராத்திரியானால் ஊசி குத்தும் வலி. மியன்மாரின் த்வாண்டே ஊரில் இதற்கு நாட்டு மருந்துக் கடையை நாடுகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பர்மிய மரபு வைத்தியமே ஆயுர்வேதத்தோடு உறவுள்ளதுதான். ஆனால் "நரம்புத் தளர்ச்சிக்கு ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டு, பெயரில்லாத பொட்டலத்தோடு திரும்புவது ஆபத்து.

காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருக்குச் சர்க்கரை, இன்னொருவருக்கு பி12 குறைவு, வேறொருவருக்குக் காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியாசிட் மாத்திரை. மாத்திரையால் வந்ததென்றால் அதை நீங்களாக நிறுத்தக் கூடாது. டாக்டர் பி6 சேர்த்துக் கொடுப்பார். உணர்ச்சியற்ற வெளிர்த் தேமல் இருந்தால் தொழுநோயா என்று பார்த்தாக வேண்டும். அதற்கான கூட்டு மருந்து 1995 முதல் உலகெங்கும் இலவசம்.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கக்கூடும்? 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தார்கள். ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பஸ்பம், செந்தூரம் போன்ற ரச மருந்துகளில் இன்னும் அதிகம். 2009-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் வேன் நகரில், பர்மிய அகதிக் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் ஏறியதற்கு வயிற்றுக்குக் கொடுத்த நாட்டு மருந்து ஒன்றும் காரணமாகத் தெரிந்தது. ஈயமும் ஆர்சனிக்கும் நரம்பையே அரிப்பவை. மதமதப்புக்குத் தின்ற மருந்தே மதமதப்பை வளர்த்துவிடும்.

மியன்மாரின் 1996-ஆம் ஆண்டு மரபு மருந்துச் சட்டப்படி விற்பனைக்கு வரும் மருந்து பதிவாகியிருக்க வேண்டும். பதிவு எண், தயாரித்தவர் பெயர், சேர்மானம், காலாவதித் தேதி நான்கையும் கேளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை. இந்தியாவிலிருந்து உறவினர் கொண்டுவரும் டப்பாவுக்கும் இதே கேள்விகள்தான். சர்க்கரையையும் பக்கவாதத்தையும் அடியோடு குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்வதை இந்தியச் சட்டம் 1954-இலேயே தடுத்துவிட்டது.

வெளியே பூசும் தைலத்தால் இதம் கிடைக்கும், பூசிக்கொள்ளுங்கள். மரத்த காலுக்குச் சூடு தெரியாது என்பதால், உணர்ச்சியுள்ள ஒருவர் முழங்கையில் தொட்டுப் பார்த்த பிறகே சூடாக்கிய தைலம் காலில் பட வேண்டும். சர்க்கரைக்காரருக்குச் சூட்டுக் கிழி வேண்டவே வேண்டாம். தினமும் வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பார்த்து, விரலிடுக்கில் புண் இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பொடியோ லேகியமோ தின்றபின் வயிற்றுவலி, சோகை, மதமதப்பு கூடினால் உடனே நிறுத்துங்கள். மிச்சத்தை எறிந்துவிடாமல் பொட்டலத்தோடு டாக்டரிடம் கொண்டுபோய், ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லுங்கள். புகார் கொடுக்கவும் அந்தப் பொட்டலமே சாட்சி.

திடீரென ஒரு பக்கம் கைகால் விழுந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ எந்தத் தைலத்தையும் தேடாதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.