பாட்டின் கடிவாளம் யார் கையில்?

ஆடி மாதம். விடியற்காலை ஐந்து மணி. மின்கம்பத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் எங்கள் மாடி ஜன்னலைப் பார்த்து அலறியது. கண்ணாடி அதிர்ந்தது. இதய அறுவை சிகிச்சை முடிந்து நான்கு நாளுக்கு முன்புதான் வீடு திரும்பியிருந்த அப்பா, போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். ஒலித்ததோ அவருக்கு மிகவும் பிடித்த பக்திப் பாடல்.

அன்று மாலை அதே பாடலை அவரே கைப்பேசியில் மெதுவாக வைத்துக் கேட்டார். கட்டில் சட்டத்தில் விரல்கள் தாளம் போட்டன. காலையில் வதைத்த பாட்டு மாலையில் ஆறுதலானது. மாலையில் அதைக் குறைக்கவும் நிறுத்தவும் அவரால் முடிந்தது, அவ்வளவுதான்.

இசை என்ன செய்கிறது?

மூளையில் உணர்ச்சி, நினைவு, உடலசைவு ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிகளையும் இசை தட்டி எழுப்புகிறது. பிடித்த இசையில் மெய்சிலிர்க்கும்போது டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் சுரப்பதைக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் காட்டினார்கள். அறுவை சிகிச்சையை ஒட்டி இசை கேட்டவர்களுக்கு வலியும் பதற்றமும் குறைந்ததாக, 73 ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை 2015-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய நம் பெண்கள் இதை அனுபவத்தில் அறிந்தவர்கள். தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கும்போது நெஞ்சை அடைத்த துயரம் கரைகிறது. அழுகிறவளைத் தாங்கப் பக்கத்தில் ஆளும் இருக்கிறது.

எங்கே ஆபத்து?

அந்தத் துணை இல்லாமல், நள்ளிரவில் தனியே ஒரே சோகப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது வேறு கதை. ஏற்கெனவே மனம் சோர்ந்தவரை அது அதே நினைவுகளில் உழல வைக்கலாம். பாட்டு முடிந்ததும் மனம் லேசானதா, கனத்ததா என்று பாருங்கள். தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரமாகியும் சோர்வு விலகவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

அடுத்தது காது. 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒலி 90 டெசிபலானால் வாரத்துக்கு வெறும் 4 மணி நேரம்தான். உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் காதில் ‘ஙொய்’ என்று இரைந்தால் அது எச்சரிக்கை.

சட்டம் தரும் உரிமை

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. பொது இடங்களில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள் வரை மாநில அரசு சலுகை தரலாம். அதுவும் நள்ளிரவு 12 மணியோடு முடிந்துவிடும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல்தான் வரம்பு.

சென்னைத் தேவாலயம் ஒன்றைப் பற்றிய வழக்கில், ஒலிபெருக்கி வைத்துப் பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் கூறியது. எல்லா வழிபாட்டுத் தலங்களுக்கும் இது பொருந்தும். கேட்க விரும்பாதவரை யாரும் கட்டாயப்படுத்திக் கேட்க வைக்க முடியாது என்பதை அதே நீதிமன்றத்தின் 2005 தீர்ப்பு உறுதிசெய்தது.

என்ன செய்யலாம்?

முதலில் விழாக் குழுவினரிடம் நேரில் பேசுங்கள். பலன் இல்லையென்றால் 100 அல்லது 112-ஐ அழையுங்கள். தேதி, நேரம் குறித்து, கைப்பேசியில் காணொளி எடுத்துவையுங்கள். தொல்லை தொடர்ந்தால் மாவட்ட ஆட்சியருக்கோ காவல் துணைக் கண்காணிப்பாளருக்கோ எழுதிக் கொடுங்கள். நகரமானால் காவல் ஆணையருக்கு.

எங்கள் தெருவில் பேச்சே போதுமானதாக இருந்தது. “அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு தம்பி” என்றதும் குழுவில் இருந்த இளைஞர் உடனே ஏணியை எடுத்து வந்து ஸ்பீக்கரைக் கோயில் பக்கம் திருப்பிக் கட்டினார். மறுநாள் ஆறு மணிக்கு மேல் பாட்டு மெல்லக் கேட்டது. அப்பா ஜன்னலைத் திறந்துவிடச் சொன்னார்.