ஐந்தெழுத்து வார்த்தையைப் பிடியுங்கள்... மூளைக்கு என்ன லாபம்?

பேனா, பேப்பர், கடிகாரம்... மூன்றும் ரெடியா? இதோ கேள்வி.

சரியாக 5 எழுத்து உள்ள இங்கிலீஷ் வார்த்தைகள் வேண்டும். ஏ, ஆர், டி என்ற 3 எழுத்துகளும் அதில் கட்டாயம் இருக்கணும். எந்த இடத்தில் வேண்டுமானாலும் இருக்கலாம். நேரம் ஒரு நிமிடம். ஸ்டார்ட்!

கவனித்தீர்களா? இப்போது சொன்ன 'ஸ்டார்ட்' கூட ஒரு விடைதான்! வாட்டர், பார்ட்டி, கிரேட், ட்ரெயின்... இவையும் சரி. 'ஹார்ட்' சரி. அதன் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் 'எர்த்' கிடைக்கும். அதுவும் சரி.

இந்த மாதிரி ஆட்டங்கள் உங்களுக்குப் புதிதல்ல. 1913-ல் ஆர்தர் வின் என்பவர் ஒரு நியூயார்க் பத்திரிகைக்காக முதல் குறுக்கெழுத்துப் புதிரைத் தயாரித்தார். 2021-ல் ஜாஷ் வார்டில் என்பவர் எல்லோருக்குமாக வெளியிட்ட 'வேர்டில்' ஆட்டத்தில், ஒளிந்திருக்கும் ஐந்தெழுத்து வார்த்தையை 6 முயற்சிகளுக்குள் பிடிக்க வேண்டும். அது வீட்டுக்கு வீடு செல்போனில் நுழைந்துவிட்டது.

விளையாட்டு சரி. 'தினமும் இதை ஆடினால் ஞாபக மறதி நோயே வராதாமே' என்று பலர் நம்புகிறார்களே, அது நிஜமா?

டாக்டர்களின் கையில் அதே ஆட்டம்

அமெரிக்க உளவியல் நிபுணர் லூயி தர்ஸ்டன், 1930-களின் கடைசியிலேயே இதை ஒரு பரீட்சையாக்கினார். 'எஸ்'ஸில் தொடங்கும் வார்த்தைகளை 5 நிமிடம் எழுதணும். பிறகு 'சி'யில் தொடங்கும் நான்கெழுத்து வார்த்தைகளை மட்டும் 4 நிமிடம் எழுதணும். கனடாவின் மான்ட்ரியால் நகரில் பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர், மூளை ஆபரேஷன் ஆனவர்களுக்கு இந்தப் பரீட்சையை வைத்து, 1964-ல் முடிவை வெளியிட்டார். மூளையின் இடது முன்பகுதியில் ஆபரேஷன் ஆனவர்கள் ரொம்பவே திணறியிருந்தார்கள்.

ஏன் முன்பகுதி? மளிகைக் கடை அண்ணாச்சியிடம் 'துவரம்பருப்பு' என்று கேளுங்கள், கை தானாகப் போகும். 'ப-வில் ஆரம்பிக்கிற சாமான் எல்லாம் எடுங்க' என்று கேட்டுப் பாருங்கள்! கடை முழுக்க அலச வேண்டும், விதியை மறக்கக் கூடாது, எடுத்ததையே மறுபடி எடுக்கக் கூடாது. நம் மூளையும் அப்படித்தான். அர்த்தத்தைச் சொல்லிக் கேட்டால் வார்த்தை சட்டென்று வரும். எழுத்தைச் சொல்லிக் கேட்டால் தேடணும். அந்தத் தேடுதலை மேற்பார்வை பார்ப்பதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு.

மார்க் குறைந்தால் பயப்படலாமா?

உங்கள் வீட்டுப் பெரியவரை மறதிக்காக நரம்பு டாக்டரிடம் அழைத்துப் போனால், இந்த ஆட்டத்தின் குட்டி வடிவத்தை அங்கே பார்க்கலாம். 'மோக்கா' எனப்படும் பரிசோதனையின் இங்கிலீஷ் வடிவத்தில், 'எஃப்' எழுத்தில் தொடங்கும் வார்த்தைகளை ஒரு நிமிடம் சொல்லச் சொல்வார்கள். 11 வார்த்தை வந்தால் ஒரு மார்க். மொத்தம் 30 மார்க்கில் இது ஒன்றே ஒன்றுதான்! அதனால் இதை மட்டும் வைத்து நோயைத் தீர்மானிக்க மாட்டார்கள்.

தமிழ் மீடியத்தில் படித்த பாட்டி இங்கிலீஷில் 5 வார்த்தைதான் சொன்னார் என்றால் அது நோயில்லை, பழக்கமில்லை, அவ்வளவுதான். பரிசோதனை அவரவர் பேசும் மொழியில் நடக்கணும், படிப்பையும் கணக்கில் எடுக்கணும். கூச்சப்படாமல் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள். மிருகங்களின் பெயரைச் சொல்லச் சொல்லியும் டாக்டர்கள் சோதிப்பார்கள். அல்ஸைமர் நோயில் பெரும்பாலும் எழுத்து வார்த்தைகளைவிட இந்தப் பட்டியல்தான் அதிகமாகச் சுருங்கும்.

தெரிந்த நடிகர் பெயர் தொண்டை வரை வந்து நிற்கிறதா? அரை மணி கழித்து, குளிக்கும்போது பளிச்சென்று வருகிறதா? வயதானால் இது சகஜம். கவனிக்க வேண்டியவை வேறு:

* ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது.

* பழகிய தெருவிலேயே வழி தவறுவது.

* இத்தனை நாள் பார்த்த வரவு செலவுக் கணக்கில் திடீரென்று குழம்புவது.

இவை தெரிந்தால் டாக்டரைப் பாருங்கள். தைராய்டு குறைவு, பி-12 பற்றாக்குறை, மனச்சோர்வு, சில மாத்திரைகள்... இவற்றாலும் மறதி வரலாம். இவற்றைச் சரிசெய்ய வழி உண்டு. ஆனால் திடீரென்று பேச்சு குழறினால், வாய் கோணினால், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!

ஆடினால் நோய் வராதா?

2022-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. லேசான மறதி உள்ள 107 பேரில் ஒரு பிரிவினர் குறுக்கெழுத்துப் புதிரும், இன்னொரு பிரிவினர் கம்ப்யூட்டர் மூளைப் பயிற்சி ஆட்டங்களும் ஆடினார்கள். 78 வாரங்கள் கழித்துப் பார்த்தால், குறுக்கெழுத்துக்காரர்கள் கொஞ்சம் முன்னே இருந்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் எதையுமே ஆடாத பிரிவு அதில் இல்லை. ஆகவே 'வார்த்தை ஆட்டம் மறதி நோயைத் தடுக்கும்' என்று சத்தியம் செய்ய முடியாது.

அப்படியானால் எது தடுக்கும்? 2024-ல் 'லான்செட்' நிபுணர் குழு 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, காது மந்தம், பார்வைக் குறைவு, உடலுழைப்பு இல்லாமை, தனிமை எல்லாம் அதில் உண்டு. இந்தக் காரணங்களை எல்லாம் சரிசெய்ய முடிந்தால், உலகில் சுமார் 45 சதவீத மறதி நோயைத் தடுக்கலாம் அல்லது தள்ளிப்போடலாம் என்கிறது அந்தக் குழு. பி.பி. மாத்திரையை மறந்துவிட்டுப் புதிர் போடுவதில் பிரயோஜனமில்லை!

ஆடும் விதம்

* எழுத்துக் கூட்டணிகளை முதலில் போட்டுப் பாருங்கள். ஏ, ஆர், டி-யோடு சி-எச் சேர்ந்தால் 'சார்ட்'. எஸ்-எம் சேர்ந்தால் 'ஸ்மார்ட்'.

* இங்கிலீஷில் அதிகம் புழங்கும் எழுத்து 'இ'. 'ஸ்கிராபிள்' ஆட்டத்தின் 100 கட்டைகளில் 'இ' மட்டுமே 12. 'க்யூ' ஒன்றே ஒன்று. அதனால் முதலில் 'இ'யை வைத்துத் தேடுங்கள்.

* உடனே விடையைப் பார்க்காதீர்கள். தேடுவதில்தானே பயிற்சி இருக்கிறது.

* தனியே செல்போனில் மூழ்காதீர்கள். தாத்தா, பேத்தி எல்லோரும் சேர்ந்து ஆடுங்கள், தனிமையும் விலகும்.

இங்கிலீஷ் வராத பாட்டியை ஒதுக்காதீர்கள். 'மூன்றெழுத்துச் சொல், நடுவில் ர' என்று கேளுங்கள். மரம், விரல், குரல், பரண் என்று அடுக்கிக்கொண்டே போவார். பேத்திதான் திணறுவாள்!