நடையில் தளரும் நாயும் உண்ணிக் காய்ச்சலும்

நாள்தோறும் கழுத்து வாரை இழுத்துக்கொண்டு முன்னே ஓடிய நாய், ஒரு நாள் திடீரெனத் தெருமுனையிலேயே நின்றுவிடுவதையும், வழக்கமாக மோந்து பார்க்கும் இடங்களைக்கூடப் பொருட்படுத்தாமல் வீடு திரும்ப முற்படுவதையும் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எண்ணுவோர் பலர். பொழுதின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கும் வீட்டு நாய்க்கு இதயம், நுரையீரல், தசை, மூட்டு ஆகிய அனைத்தும் ஒருசேர உழைக்கும் நேரம் நடைப்பயிற்சியே ஆதலால், உடலுக்குள் மறைந்திருக்கும் நோய் பல வேளைகளில் முதலில் அங்கேதான் தலைகாட்டுகிறது.

வெயில், பாதத்தில் தைத்த முள், இடுப்பு மூட்டுத் தேய்வு, இதயத் தசை நலிவு என இதற்குக் காரணங்கள் பல. லாப்ரடார் இனத்தில், கடுமையாக ஓடிய சில நிமிடங்களில் பின்னங்கால்கள் துவண்டு விழும் மரபுக் கோளாறும் உண்டு. ஆயினும், ஆண்டு முழுவதும் உண்ணி பெருகும் வெப்பநாடுகளில் முதலில் ஐயுற வேண்டியது உண்ணிக் காய்ச்சலையே.

பழுப்பு நாய் உண்ணி கடிக்கும்போது உடலில் புகும் எர்லிக்கியா கேனிஸ் என்னும் பாக்டீரியா, வெள்ளையணுக்களுக்குள் குடியேறிப் பெருகுவதோடு, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் குறையக் காரணமாகிறது. 1935-இல் அல்ஜீரியாவில் கண்டறியப்பட்ட இந்நோய், வியட்நாம் போரில் அமெரிக்கப் படை நாய்கள் பலவற்றைப் பலிகொண்டபோது பரவலான கவனத்தைப் பெற்றது. உண்ணி கடித்து ஒன்று முதல் மூன்று வாரங்களில் காய்ச்சலும் சோர்வும் உணவில் வெறுப்பும் தோன்றுகின்றன. இரண்டு முதல் நான்கு வாரங்களில், மருத்துவம் செய்யாவிட்டாலும், அவை பெரும்பாலும் தணிந்துவிட, நாய் பழையபடி துள்ளி நடக்கத் தொடங்குகிறது. தானாகச் சரியாகிவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் இந்தக் கட்டமே மிகவும் ஏமாற்றுவது; ஏனெனில் கிருமி மண்ணீரலில் பல மாதங்கள், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில்கூடத் தங்கியிருந்து, பிற்பாடு ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையையே முடக்கிவிடக்கூடும். அந்நிலையில் பிழைப்பது அரிது.

நடையில் தளர்ந்த நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பது எளிய சோதனை. நலமான ஈறு இளஞ்சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்கும். ஈறு வெளுத்திருந்தாலோ, அடிவயிற்றில் செம்புள்ளிகள் தென்பட்டாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ தாமதிக்கலாகாது. சிவப்பணுக்களை உடைக்கும் பேபிசியா என்னும் ஓரணு ஒட்டுண்ணியையும் இதே உண்ணி பரப்பக்கூடும். அதன் தாக்குதலில் சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுக்கலாம். காதுமடலின் உட்புறத்திலும் விரலிடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா என்று தேட வேண்டும். உண்ணி தென்படவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. ரத்தம் குடித்து முடித்த பெண் உண்ணி, உதிர்ந்து சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டிருக்கும். ஆகவே மருந்து நாய்க்கு மட்டுமன்றி, அது படுக்கும் இடத்துக்கும் தேவை.

எர்லிக்கியாவுக்கு டாக்சிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி பொதுவாக நான்கு வாரங்கள் தரப்படுகிறது. நாய் ஓரிரு நாளில் தெளிந்துவிட்டாலும் மருந்தைப் பாதியில் நிறுத்தலாகாது. மனிதருக்கான காய்ச்சல் மாத்திரையைத் தாமாகக் கொடுப்பதை அறவே தவிர்க்க வேண்டும். இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கவல்லது. நடக்க மறுக்கும் நாயை வாரைப் பிடித்து இழுக்காமல், அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.