ஒப்புப்பறப்பும் செலுத்திப் பெட்டியும்

பறக்கப் பழகுதற்கு வானுக்குச் செல்லவேண்டுவதில்லை என்பதைச் செயலிற் காட்டியோருள் எட்வின் லிங்க் என்னும் அமெரிக்கர் தலைசிறந்தவர். இசைப்பேழை செய்யுங் குடும்பத்திற் பிறந்த அவர், அத்தொழிலிற் கண்ட காற்றுத்துருத்திகளையே கொண்டு, நிலத்தில் நின்றவாறே சாய்ந்துந் திரும்பியும் அசையும் பயிற்சி விமானமொன்றை 1929ஆம் ஆண்டளவில் அமைத்தார். அதனை முதலில் மதித்தவர் சிலரே. 1934இல் தபால் விமானங்களை ஓட்டிய படைவிமானிகள் பலர் தீய காலநிலையில் மாண்ட பின்னரே, அமெரிக்கப் படை அக்கருவிகளில் ஆறனை வாங்கிற்று. அப்பணியையே இன்று கணினித் திரையில் ‘சிமுலேற்றர்’ என வழங்கும் ஒப்புப்பறப்பு நிரல் செய்கின்றது. வானொலி அலையால் இயங்கும் மாதிரி ஹெலிகொப்டரைப் பழகுவோர்க்கு அது பெருந்துணையாகும்.

சிறகுள்ள மாதிரி விமானம் கை தளர்ந்தாலுஞ் சிறிது தூரம் மிதந்து செல்லும். ஹெலிகொப்டரோ கணந்தோறும் திருத்தத்தை வேண்டுவது. இதனாலன்றோ, ஜேர்மனியராகிய டீற்றர் சுலூற்றர் 1970ஆம் ஆண்டளவில் வெற்றி காணும்வரை, செவ்வனே பறக்கும் மாதிரி ஹெலிகொப்டர் பலர்க்குங் கனவாகவே இருந்தது! இதனை வெறும் விளையாட்டுப் பொருளெனத் தள்ளுதலும் ஆகாது. யப்பானிய நெல்வயல்களில் மருந்து தெளிப்பதற்கென யமஹா நிறுவனம் ஆர்-50 என்னும் ஆளில்லா ஹெலிகொப்டரை 1987இல் விற்பனைக்குக் கொணர்ந்தது. கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களைக் கண்ட அடம்பன் மாணவனுக்கு இதன் பயன் எளிதில் விளங்கும். ஆனால் சோளகக்காற்று வீசும் மாதங்களில் அத்திறந்த வெளி தொடக்கப் பயிற்சிக்கு ஏற்றதன்று. ஒருமுறை விழுந்தால் இதழ், தண்டு, பற்சில்லு என்பன ஒருங்கே கெடும். அவற்றைக் கொழும்பிலிருந்தோ கடல்கடந்தோ வருவிக்கவேண்டும். ஆகவே பொருள் குறைந்தவன் முதலில் வாங்கத்தக்கது ஹெலிகொப்டரன்று. அதனை இயக்குஞ் செலுத்திப் பெட்டியே. அப்பெட்டியைக் கணினியிற் பொருத்திப் பழகியபின், அதனையே உண்மைப் பறப்பிற்குங் கொள்ளலாம்.

எத்தகைய பெட்டியைக் கொள்வது? கணினி விளையாட்டுக்குரிய கைப்பிடி மலிவாகக் கிடைக்கின்றதே என்பர் சிலர். அது இதற்கு உதவாது. காரணம் அதன் சுருள்வில்லாகும். ஹெலிகொப்டரின் பெருஞ்சுழலி ஏறத்தாழ ஒரே வேகத்திற் சுழல, அதன் இதழ்களின் சாய்கோணம் கூடியுங் குறைந்துமே ஏற்றமும் இறக்கமும் நிகழ்கின்றன. அக்கோணத்தை ஆளும் பிடிகோல் நடுவில் நிற்கும்போது கோணம் சூனியமாம். மேலே தள்ளின் ஏறும். கீழே இழுப்பின் கோணம் எதிராகும். ஓரிடத்தில் நிலைத்து மிதப்பதற்கு அக்கோல் நடுவுக்குச் சற்று மேலே, விட்ட இடத்தில் நிற்றல் வேண்டும். வில்லுள்ள கோலோ விட்டவுடன் நடுவுக்கு ஓடும். ஹெலிகொப்டர் நிலத்திற்கு ஓடும். எனவே ஏற்றக்கோலில் வில்லில்லாமை முதலாவது இலக்கணம். மற்றைய மூன்று அசைவுகளுக்கும் வில் இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, கோலின் அசைவை அறியும் முறை. பழைய முறையிலமைந்த மாறுந்தடையில் ஒரு பொருள் மற்றொன்றின்மீது உராய்வதால் காலப்போக்கில் தேய்வுந் தடுமாற்றமும் உண்டாகும். காந்தப்புலத்தால் அறியும் ஹோல் உணரியில் அவ்வுராய்வு இல்லை. பிளைஸ்கை எவ்.எஸ்-ஐ6 என்னும் ஆறுவழிப் பெட்டி மாறுந்தடை கொண்டது; கணினியோடு இணைக்கத் தனி வடமும் வேண்டும். 2023இல் ஏறத்தாழ 65 அமெரிக்க டொலர் விலையில் வந்த ரேடியோமாஸ்ரர் பொக்கெற் ஹோல் உணரியுடையது, யூ.எஸ்.பி. வடத்தை மாட்டினாற் கணினி அதனை உடனே விளையாட்டுக் கருவியாக ஏற்கும். ஆனால் மின்கலங்களைத் தனியே வாங்கவேண்டும். கோல்களுங் குறுகியவை, நுண்ணிய அசைவுக்கு நீண்ட கோலே இனிது. கூடுதற் பணம் உள்ளவன் அதே நிறுவனத்தின் பெரிய பெட்டியை நாடுவது தகும். இல்லாதவனுக்குப் பொக்கெற் போதும். வழிகளின் எண்ணிக்கையை உயர்த்திப் பேசும் விளம்பரத்துக்கு மயங்கவேண்டியதில்லை. ஆறு வழியிருந்தால் ஒப்புப்பறப்புக்கு நிரம்பும்.

பணத்தால் திருத்தவியலாத தெரிவொன்று உண்டு. அது கைமுறை. இரண்டாம் முறையில் ஏற்றக்கோல் இடக்கையிலும், முதலாம் முறையில் வலக்கையிலும் அமையும். இரண்டனுள் எதுவும் தாழ்ந்ததன்று. எனினும் விரல்கள் ஒன்றிற் பழகிவிட்டால் மற்றொன்றுக்கு மாறுதல், வலக்கையால் எழுதுவோன் இடக்கையால் எழுத முயல்வதை ஒக்கும். அருகிற் கற்பிக்கவல்லவர் எம்முறையினரோ அம்முறையையே கொள்ளல் நன்று. வழிகாட்டி இல்லாதவிடத்துப் பெரிதும் பரவிய இரண்டாம் முறையைக் கொள்ளலாம்.

பெட்டி வந்தபின் அதனுள் கோண வளைவுகளையுங் கலப்புகளையும் அமைத்தல் கூடாது. ஒப்புப்பறப்பு நிரலிலுள்ள ஹெலிகொப்டர் பெரும்பாலும் அவற்றைத் தன்னகத்தே கொண்டிருக்கும். இருமுறை கலந்தால் கோல் ஒன்று சொல்லக் கருவி வேறொன்று செய்யும். கோல்களை எல்லைவரை அசைத்து நிரலுக்கு அளவு காட்டினால் அமையும். முதலில் வாலைத் தன்பக்கம் வைத்து மிதக்கவிட்டுப் பழகுக. முகம் தன்னை நோக்கும்போது இடம் வலமாகவும் முன் பின்னாகவும் மாறித் தோன்றுமாதலின், அந்நிலைக்கே நெடுநாட் பயிற்சி வேண்டும். இழுவிசையை உடன் நிறுத்தும் ஆளியையும் விழும் ஒவ்வொரு முறையும் தட்டிப் பழகுக. வெளியில் விரலைக் காப்பது அதுவே.