அண்டை ஊர்களுக்குப் பொதுவான அபாயகால ரேடியோ

அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சேர்ந்த ஓஹையோ மாகாணத்தின் கிழக்கெல்லையில், ஓஹையோ நதிக்கரையில், ஷேடிசைட் என்னும் சிற்றூர் இருக்கிறது. குன்றுகளுக்கிடையே வெகீ ஓடை, பைப் ஓடை என்னும் இரு சிற்றோடைகள் இறங்கி வந்து அங்கே நதியிற் கலக்கின்றன. 1990-ம் வருஷம் ஜூன் மாதம் 14-ந் தேதி இரவு, முன் பெய்த மழையால் ஏற்கெனவே ஊறிக் கிடந்த அக்குன்றுகளின்மேல் சொற்ப நேரத்திற்குள் 3, 4 அங்குல மழை கொட்டிற்று. ஓடை நீர் சுவர்போல் எழுந்து வீடுகளை அடித்துக்கொண்டு போயிற்று. 26 பேர் மாண்டனர். மீட்க ஓடிவந்த பற்பல இலாகாவினரிடமும் ரேடியோக் கருவிகள் இருந்தன. ஆயினும் ஓர் இலாகாவினர் பேசியது மற்றோர் இலாகாவினருக்குக் கேட்கவில்லை. மாகாணம் முழுமைக்கும் ஒரே ரேடியோ அமைப்பு வேண்டுமென்ற எண்ணம் அந்த இரவின் அனுபவத்தினின்றே பிறந்ததாகச் சொல்லப்படுகிறது.

கருவி இருந்தும் பேச்சுக் கேளாமற் போவதன் காரணம் எளியது. கிராமத்துத் தீயணைப்புப் படைகள் பெரும்பாலும் 150 மெகாஹெர்ட்ஸை அடுத்த அலைகளில் பேசி வந்தன. அவ்வலை வயல்வெளிகளில் வெகுதூரம் செல்லும். பெரிய நகரங்களோ நாளடைவில் 800 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைகளுக்கு மாறின. ஒரு வரிசைக்கென்று செய்த கருவி மற்றொன்றில் பேசாது. போதாக்குறைக்கு, கம்பெனிகள் ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி முறையைக் கையாண்டமையால், ஒரே அலையில் இருந்தாலும் ஒருவர் கருவி மற்றவர் கருவிக்கு ஊமையாயிற்று. எல்லாக் கம்பெனிகளும் ஒத்துக்கொள்ளத்தக்க பொது விதிகளை வகுக்க 1989-ல் தொடங்கிய முயற்சிக்குப் புராஜெக்ட் 25 என்று பெயர். எனினும் விதி வகுப்பது வேறு, வழக்கத்திற்கு வருவது வேறு. 2001-ம் வருஷம் செப்டம்பர் 11-ந் தேதி நியூயார்க்கில் 343 தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தபோது, போலீஸ் ஹெலிகாப்டர்களிலிருந்து வந்த எச்சரிக்கை அவர்களுக்கு நேரே எட்டவில்லை. இரு இலாகாக்களின் ரேடியோக்களும் வெவ்வேறாக இருந்தன.

ஓஹையோவில் ஏற்பட்ட பொது அமைப்பு 'மார்க்ஸ்' எனச் சுருக்கமாக வழங்குகிறது. 88 ஜில்லாக்களிலும் பரவி நிற்கும் 200-க்கு மேற்பட்ட கோபுரங்கள் மாகாண சர்க்காரின் பொறுப்பில் உள்ளன. போலீஸார், தீயணைப்போர், ஆம்புலன்ஸ் வண்டியினர் ஆகிய பல திறத்தாரும் அவற்றைப் பொதுவாக உபயோகிக்கலாம். ஊருக்கு ஊர் கோபுரம் எழுப்பவேண்டிய செலவு இதனால் மிஞ்சுகிறது. ஊரார் வாங்கவேண்டியது கருவி மாத்திரமே.

ஆனால் அந்தக் கருவிதான் எளிய ஊர்களுக்கு எட்டாக் கனியாக இருக்கிறது. அங்கே டவுன்ஷிப் என்னும் கிராம ஸ்தாபனத்தை நடத்துபவர் 3 டிரஸ்டிகளும் ஒரு கணக்கதிகாரியும். தீயணைப்புச் செலவுக்கு நிலத்தின்மேலும் வீட்டின்மேலும் தனி வரி விதிக்க வேண்டுமானால் அதற்கு ஊரார் வோட்டுப் போட்டுச் சம்மதிக்க வேண்டும்; நிலம் மிகுதியாக உடையவனே அதிகம் கொடுக்கிறவன். படையில் உள்ளோரும் பெரும்பாலும் சம்பளமின்றித் தொண்டு செய்கிற உள்ளூர்க் குடியானவர்களும் தொழிலாளரும் ஆவர். மேற்சொன்ன விதிகளுக்கு இணங்கிய கைக்கருவி ஒன்றின் விலை சில ஆயிரம் டாலர் ஆகும். 3,000 டாலர் என்று வைத்துக்கொண்டாலும், 20 பேர் கொண்ட ஒரு படைக்கு 60,000 டாலர் வேண்டும். அத்தொகையை ஒரு சிறிய டவுன்ஷிப் ஒரே வருஷத்தில் வரியாக எழுப்புவது துர்லபம்.

இவ்விடத்தில்தான் மானியம் உதவுகிறது. மத்திய சர்க்கார் தீயணைப்புப் படைகளுக்கு 2001 முதல் வழங்கிவரும் மானியத்தில், 20,000 பேருக்கு மேற்படாத ஜனத்தொகையுள்ள இடங்கள் மானியத் தொகையில் 5 சதவீதத்தைத் தங்கள் பங்காகப் போட்டால் போதும். 60,000 டாலர் மானியத்துக்கு 3,000 டாலர் என்று கணக்காகும். பெரிய ஊர்களுக்குப் பங்கு 10 அல்லது 15 சதவீதம். பல ஊர்கள் கூடி, அவற்றுள் ஒன்று தலைமை தாங்கி, எல்லோருக்குமாக ஒரே விண்ணப்பம் அனுப்பவும் இடமுண்டு. அப்படிச் செய்வோர் தமக்குள் உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டிருக்க வேண்டும். இதைத் தவிர, ஓஹையோ மாகாணத்துத் தீயணைப்பு அதிகாரியின் இலாகாவினர், 25,000 பேருக்கு மேற்படாத ஜனத்தொகைக்குச் சேவை செய்யும் படைகள் பொது அமைப்பிற் சேருவதற்கென்றே தனி மானியம் வழங்கி வந்திருக்கின்றனர். அந்நிதியைக் கருவி வாங்கவும், அமைப்பின் உபயோகக் கட்டணம் செலுத்தவும் செலவிடலாம்.

கட்டணம் என்ற சொல்லைக் கேட்டதும் டிரஸ்டிகள் நெற்றியைச் சுருக்குவது இயல்பு. கருவி ஒன்றுக்கு மாதம் 10 டாலர் என்று கொண்டாலும், 20 கருவிக்கு வருஷத்தில் 2,400 டாலர் ஆகிறது. பாட்டரி தேயும், கருவி பழுதுபடும், பத்துப் பதினைந்து வருஷத்தில் புதிது வாங்கியே தீரவேண்டும். மானியம் அப்பொழுதும் வருமென்பதற்கு உறுதியில்லை. சர்க்கார் ஏரிக்கு மதகு கட்டிக் கொடுத்தாலும் வரத்துக்கால் வெட்டுவது குடிமராமத்தைச் சேர்ந்ததென்பதை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. முதல் வருஷமே சிறுதொகையை ஒதுக்கி வைக்கும் ஊருக்கும், மானியத்தால் வாங்கிய கருவியைப் பிறகு கட்டணம் கட்டமாட்டாமல் பெட்டியில் வைத்துப் பூட்டும் ஊருக்கும் உள்ள வேற்றுமை பெரிது.

இனி, அண்டை ஊர் சேராமல் ஒரு ஊர் மாத்திரம் சேர்ந்தால் நேரும் கேடு ஒன்று உண்டு. அந்நாட்டுக் கிராமங்களில் களஞ்சியம் தீப்பற்றினால் ஒரே ஊரின் வண்டி போதாது. நாலைந்து ஊர்களிலிருந்து தண்ணீர் லாரிகள் வரும். மக்காச்சோளக் குதிரில் இறங்கியவன் தானியத்துள் சில விநாடிகளிலேயே அமிழ்ந்துபோகிறான். அவனை மீட்பதற்கான தகட்டு வளையம் அடுத்த ஊர்ப் படையிடம் இருக்கலாம். அவர்கள் பழைய அலையிலும் இவர்கள் புதிய அலையிலும் இருந்தால், ஷேடிசைட்டின் குறையே பணச் செலவுடன் திரும்ப வந்ததாகும். இதற்காகவே சில படைகள் புதுக் கருவி வந்த பின்னும் பழைய கருவிகளை வண்டியில் வைத்துக்கொள்கின்றன.

பொது அமைப்பிலும் குறையில்லாமலில்லை. தென்கிழக்கு ஓஹையோவின் பள்ளத்தாக்குகளில் கோபுரத்தின் அலை எட்டாத மூலைகள் உள்ளன. இரும்புத் தகட்டாலான குதிருக்குள்ளும் மாட்டுக் கொட்டகைக்குள்ளும் கைக்கருவி சில வேளை அடங்கிவிடும். அப்பொழுது கோபுரத்தை நாடாமல் கருவிக்குக் கருவி நேரே பேசும் வழி ஒன்று கருவிகளிலேயே உண்டு. அதற்குரிய எண்ணை எல்லா ஊரார் கருவியிலும் ஒன்றுபோல் அமைத்து வைத்து, மாதம் ஒருமுறை கூடிச் சோதித்துப் பார்ப்பதற்கு மானியமும் வேண்டியதில்லை, வரியும் வேண்டியதில்லை.